மோரிஸ் மைனரில் கார்பெட்டை ஒட்டலாமா?

மொரீஷியஸின் வாக்வாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மாமனார் டாக்சியாக ஓட்டிய 1967ஆம் வருட மோரிஸ் மைனர், நாலு கதவு வண்டி, வீட்டில் நிற்கிறது. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, சீட்டும் தைத்தாகிவிட்டது. தரைக் கார்பெட்தான் பாக்கி. பழையது கிழிந்து, பூஞ்சை நாற்றம் அடிக்கிறது. இங்கிலாந்திலிருந்து வெட்டித் தைத்த செட்டாக வரவழைப்பதா, இங்கேயே துணி வாங்கித் தைப்பதா என்பது அவருடைய முதல் கேள்வி. கணவரின் நண்பர் தடித்த ஃபெல்ட் போட்டு, அதன்மேல் கார்பெட் முழுவதையும் பசை தடவி ஒட்டச் சொல்கிறாராம். அது சரியா என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒட்டாதீர்கள். வாக்வா, க்யூர்பிப் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். போர்ட் லூயியில் வெயில் அடிக்கும்போது மேலே தூறிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தில் நிற்கும் வண்டிக்குக் கையால் தூக்கி உலர்த்தக்கூடிய கார்பெட்தான் வேண்டும். ஃபெல்ட் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அடியில் தகடு மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். ஒட்டிவிட்டால் அதைப் பார்க்கவும் முடியாது.

மைனருக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 1948இல் முதலில் வந்த இந்த மாடலில், உடலைத் தாங்கத் தனியாக இரும்புச் சட்டகம் (சேஸி) கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில், சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் உத்தரம், இவை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. தரை உளுத்தால் வண்டியே பலம் இழக்கிறது.

அதனால் கார்பெட் ஆர்டர் செய்வதற்கு முன் அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சீட்டுகளைக் கழற்றி, பழைய கார்பெட் துண்டுகளை மெதுவாக எடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், எவ்வளவு கிழிந்திருந்தாலும் அவைதான் உங்கள் அளவு. ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த இடம், எந்தப் பக்கம் முன்புறம் என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். தரையில் ஈரம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் மழை. பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டரில் ஓடும் கூலன்ட் கசிகிறது. ஓட்டுநர் காலடியில் வழவழப்பாக இருந்து, அங்கே மட்டும் பெயின்ட் உரிந்திருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் கார்பெட் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

மழைத் தண்ணீர் என்றால் தரையை நன்றாகத் துடைத்து, பழைய நியூஸ்பேப்பர் விரித்துவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு முன்கண்ணாடியின் ரப்பர், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். இந்த வயது வண்டிகளில் முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து கெட்டியாகி, மூலைகளில் விலகி நிற்பது வழக்கம். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். அவை அடைத்திருந்தால் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்பக்கம் வழியும். இன்ஜின் பக்கத்திலிருந்து ஒயர்கள் உள்ளே வரும் ரப்பர் வளையங்களையும், தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களையும் பாருங்கள். ஓர் அடைப்பான் காணாமல் போயிருந்தால் சாலைத் தண்ணீர் கீழேயிருந்து பீய்ச்சி அடிக்கும்.

அடுத்தது துரு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று ஒலிக்கும். தரை சில்லோடு சேரும் ஓரத்திலும், கால் வைக்கும் முன்மூலைகளிலும் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். ஃபைபர் கிளாஸ் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஓட்டையை மறைக்கும், பாரத்தைத் தாங்காது, அடியில் துருவும் நிற்காது. மேல்துரு மட்டும்தான் என்றால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலர் பூசி, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் நன்றாக இறுகும்வரை எதையும் மூட வேண்டாம்.

சரி, இப்போது அடிவிரிப்பு. ஃபெல்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காத, மூடிய அறை கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம் வாங்குங்கள், ஐந்தாறு மில்லிமீட்டர் போதும். தரையின் நடுவில் எழும்பி நிற்கும் கியர்பாக்ஸ் மேட்டின் மேல் மட்டும் ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டியது போட்டால் சூடு குறையும். அதிர்வுச் சத்தத்துக்கு பியூட்டைல் ரப்பர் ஷீட் நல்லது. அதைத் தரை முழுக்க ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தட்டையான தகட்டின் நடுவிலும் கால் பங்கு அளவுக்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும், விளிம்புகளையும் வடிகால்களையும் விட்டுவிடுங்கள். தடிமன் கூடக்கூட வெட்டித் தைத்த கார்பெட் பொருந்தாது, பெடலுக்கும் இடம் குறையும்.

இங்கிலாந்து செட்டா, உள்ளூர்த் துணியா? வண்டியின் தரை மாற்றம் எதுவும் இல்லாமல் இருந்தால் செட்டே மேல். அங்கேயும் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால் பெடல், ஹேண்ட்பிரேக் வெட்டுகள் சரியாக இருக்கும். ஆர்டரில் நாலு கதவு, 1967 என்று தெளிவாக எழுதுங்கள். ஆனால் டாக்சியாக ஓடிய வண்டி என்கிறீர்கள். தரை எத்தனை முறை ஒட்டுப் போடப்பட்டதோ தெரியாது. வெல்டிங் வேலை நிறைய நடந்திருந்தால் உள்ளூரில் தைப்பதுதான் பொருந்தும். கம்பளி வேண்டாம், வாக்வாவில் அது பூஞ்சைக்கு விருந்து. வீட்டுக்குப் போடும் கார்பெட்டும் வேண்டாம். அதன் முதுகு விறைப்பாக இருக்கும், மேட்டின் வளைவில் படியாது. சின்னச் சுருள் முடிச்சுள்ள நைலான் கார் கார்பெட் கேளுங்கள். பழைய துண்டுகளைத் தடித்த காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தை வண்டியில் வைத்துப் பார்த்த பிறகு, சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுத் துணியை வெட்டுங்கள். எல்லாத் துண்டிலும் இழை ஒரே திசையில் போகட்டும். இல்லையென்றால் ஒரே துணியில் இரண்டு நிறம் தெரியும். வண்டியில் வைத்து இறுதியாகச் சரிசெய்த பிறகுதான் ஓரம் தைக்கக் கொடுக்க வேண்டும்.

போடும்போது நடு மேட்டிலிருந்து தொடங்குங்கள். கியர்பாக்ஸ் மூடி திருகாணியில் நிற்கிறது, ஒருநாள் அதைக் கழற்றியாக வேண்டும். அதனால் மேட்டுத் துண்டின் விளிம்பு தரையோடு ஒட்டியிருக்கக் கூடாது. சில்லின் உட்பக்கம் போன்ற செங்குத்தான இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கான்டாக்ட் பசை பூசுங்கள். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும், கதவுகள் திறந்தே இருக்கட்டும். தரைத் துண்டுகள் அமுக்கு பட்டனில் நிற்கட்டும். சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளுக்குத் துளை போட ட்ரில்லிங் மெஷின் எடுக்காதீர்கள். அது இழையைச் சுற்றிப் பிடித்து, நீளத்துக்கும் உருவிவிடும். சாலிடரிங் இரும்பின் சூடான முனையால் கீழிருந்து குத்தினால் நைலான் உருகி விளிம்பு தானாக அடைபடும். இதை வண்டிக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள்.

ஓட்டுநர் பக்கத்தில் ஒரு முக்கியமான சங்கதி. மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது. ஆயில் ஊற்றும் வாய்க்குப் போக வழி கார்பெட்டுக்குக் கீழே உள்ள சிறு மூடிதான். முழுக்க ஒட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். எடுக்கக் கஷ்டம் என்றால் ஆயில் மட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு மேல் தனியாகத் தூக்கும் மடிப்பு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். திறக்கும்முன் சுற்றிலும் உள்ள மண்ணை வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள், ஒரு மணல் துகள்கூட உள்ளே விழக் கூடாது. எல்லாம் போட்டு முடிந்ததும் மூன்று பெடலையும் அடிவரை மிதித்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கார்பெட்டில் உரசாமல் தானாகத் திரும்ப வேண்டும். மேலே ரப்பர் மேட் போட்டால் நகராதபடி பட்டன் வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மேட் அடுக்காதீர்கள்.

தைப்பூசத்துக்குப் பால் செம்போடு இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவோம் என்றும் எழுதியிருந்தீர்கள். பால் சிந்தினால் அன்றைக்கே துண்டைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலும் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் பால் இழையிலேயே உறைந்துவிடும். அடியில் உள்ள ஃபோமையும் துடைத்து, இரண்டும் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.