புல் மேயும் பூனை: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் அம்மா பதில்

மழை விட்டு எங்கு பார்த்தாலும் புல் முளைத்திருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூனையும் புல்லும் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மாடு, கோழி பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் உண்டு.

டாக்டர் அம்மா, எங்கள் பூனை தினமும் காலையில் கொல்லைப்புறம் போய்ப் புல் தின்கிறது. கொஞ்ச நேரத்தில் நடுக்கூடத்தில் வந்து வாந்தி எடுக்கிறது. "வயித்துல ஏதோ கோளாறு, அதான் மருந்து தேடிப் போகுது" என்கிறார் மாமியார். "சோறு பத்தலை" என்கிறார் கணவர். எது சரி?
*வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

பயப்படாதீர்கள் அம்மா. புல் தின்பது நோயின் அடையாளம் இல்லை. நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பூனைதான் பெரும்பாலும் புல் மேய்வதை நான் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு முடியாத பூனை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். கொல்லையில் நின்று இளந்தளிராகப் பார்த்துக் கடித்துக்கொண்டிருக்காது.

இதை அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் முறையாகவே விசாரித்திருக்கிறார்கள். தினமும் மூன்று மணி நேரமாவது தங்கள் பூனையைக் கண்ணில் வைத்திருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2019-ல் முடிவைச் சொன்னார்கள். 71 சதவீதப் பூனைகள் குறைந்தது ஆறு முறையாவது செடியோ புல்லோ தின்றதை வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவைகூடத் தின்னாதவை 11 சதவீதம்தான். தின்பதற்கு முன்னால் பூனை சோர்ந்தோ நோயாகவோ தெரியவில்லை என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். தின்றபின் அடிக்கடி வாந்தி எடுப்பவை ஏறக்குறைய நான்கில் ஒன்று. அதிலும் இளம்பூனைகள் அதிகம் தின்கின்றன, குறைவாக வாந்தி எடுக்கின்றன. ஆக, வாந்தி எடுப்பதற்காகத்தான் பூனை புல் தின்கிறது என்ற பேச்சு நிற்காது. வாந்தி சிலதுக்கு வரும், பலதுக்கு வராது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பூனை முழு மாமிசப் பிராணி. அதன் கடைவாய்ப் பல் கறியை நறுக்கத்தான் லாயக்கு. மாடு மாதிரி தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் ஆகாது. அதனால்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பக்கப் பல்லால் புல்லை நறுக்கி, நாலைந்து துண்டாக அப்படியே விழுங்குகிறது. மாட்டின் வயிற்றில் நார்ப்பொருளை உடைத்துத் தர நுண்ணுயிரிகள் உண்டு. பூனையின் குட்டையான குடலில் அந்த வசதி கிடையாது. போன புல் செரிக்காது. ஒன்று, இரைப்பையை உறுத்தி வெள்ளை நுரையோடு மேலே வரும். இல்லையென்றால் குடல் வழியாக முழுசாகப் பயணம் செய்து மலத்தில் வரும். கூடத்தில் கிடப்பதைத் துடைப்பதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். புல் பச்சை மாறாமல், மடிந்து, பல் பட்ட இடம் மட்டும் கசங்கி இருக்கும்.

அப்படியானால் எதற்காகத் தின்கிறது? மேற்சொன்ன ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பூனையின் காட்டு மூதாதைகள் எலி, பறவை என்று பிடித்துத் தின்றவை. வயிற்றில் எப்போதும் புழு இருந்திருக்கும். செரிக்காத நார் உள்ளே போனால் குடல் வேகமாக அசைந்து புழுக்களை வெளியே தள்ளும். ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் காடுகளில், சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்குவதையும், அந்த இலையோடு புழுக்கள் வெளியே வருவதையும் பார்த்திருக்கிறார்கள். பூனைக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் தங்கிவிட்டது. புழுவே இல்லாத வீட்டுப்பூனையும் அதனால்தான் புல்லைத் தேடுகிறது.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மருந்து மாதிரியான ஒரு பழக்கம்தான். ஆனால் இன்றைக்கு வயிற்றில் கோளாறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. புல் தின்கிறதே என்று குடற்புழு மருந்தை விட்டுவிடவும் கூடாது. வெளியே போய் எலி பிடிக்கிற பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு, காத்திருக்க வேண்டாம்.

கணவர் சொன்னது சரியில்லை. வயிறு நிறையத் தின்ற பூனையும் புல்லுக்குப் போகும். ஆனால் வெறும் தயிர்சாதமும் பாலும்தான் அதன் சாப்பாடு என்றால் அதை மாற்றுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். மீன் போட்டால் வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள். துறைமுகத்திலிருந்து வரும் பச்சை மீனையே தினமும் போடுகிறவர்கள் கடலூரில் நிறைய. சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.

புல்லோடு ஒரு தடவை வாந்தி, பிறகு வழக்கம்போல் சாப்பாடு என்றால் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி, வாந்தியில் ரத்தம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பது, இதில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். "நாளைக்குச் சாப்பிடும்" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

நாங்கள் புதுச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பெர்சியன் பூனை. முடி உருண்டை வெளியே வரப் புல் வேண்டும் என்கிறார்கள். புல்லுக்கு எங்கே போவது?
*வாசகர், முத்தியால்பேட்டை*

அந்தக் கணக்கெடுப்பில் முடி அதிகம் உள்ள பூனையும் குட்டை முடிப் பூனையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் செடி தின்றன. முடிக்காகத்தான் தின்கிறது என்றால் உங்கள் பெர்சியன் அல்லவா கூடுதலாகத் தின்ன வேண்டும்? முடி உருண்டைக்கு நல்ல வைத்தியம் தினமும் சீப்புப் போடுவது. சீப்பில் வருகிற முடி வயிற்றுக்குள் போகாது.

ஆனாலும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற பூனைக்குப் புல் வளர்த்துக் கொடுப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பெரிய மார்க்கெட்டில் முழுக் கோதுமை வாங்குங்கள். மருந்து கலந்த விதைக் கோதுமை வேண்டாம், சாப்பிடுகிற கோதுமைதான். இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு கொட்டாங்குச்சியில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டு மூடுங்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் ஒரு விரல் நீளம் வந்துவிடும், அப்போது பூனை முன்னால் வையுங்கள். வாரம் ஒரு கொட்டாங்குச்சி புதிதாக விதைத்தால் எப்போதும் இளம்புல் இருக்கும்.

சோளம் மட்டும் விதைக்காதீர்கள். இளஞ்சோளப் பயிரில் சயனைடு வெளிவரும். மழை பொய்த்து வாடிய சோளப்பயிரை மேய்ந்து மாடு சாவது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த சங்கதி.

புல் தின்ற மறுநாளிலிருந்து எங்கள் பூனை விடாமல் தும்முகிறது. ஒரு மூக்கில் மட்டும் சளி. அடிக்கடி எதையோ விழுங்குவது போல் செய்கிறது. சளி மருந்து கொடுத்தும் குறையவில்லை.
*வாசகர், தேவனாம்பட்டினம்*

தம்பி, சளி மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பூனையின் மூக்குக்குப் பின்னால் புல் மாட்டியிருக்கலாம்.

இதே போல் ஒரு பூனை என்னிடம் வந்தது. கெடிலம் கரையோரம் வீடு. தும்மல் திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்தது, ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகல், காய்ச்சல் இல்லை. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து, மேலண்ணத்தின் பின்பக்கத் தசையைக் கொக்கியால் முன்னால் இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே காட்டினேன். பச்சையாக ஒரு முனை தெரிந்தது. நீண்ட இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால், கோரை ஒன்று என் சுண்டுவிரல் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று மாலையே தும்மல் நின்றது.

புல் ஏன் அங்கே போகிறது? வயிற்றிலிருந்து வாந்தியில் மேலே வரும்போது வாய்க்குப் பதிலாக மூக்கின் பின்வாசலில் ஏறிவிடும். கோரையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாக இருக்கும், எதிர்த்திசையில் தோலைக் கீறும். அந்தப் பொடி முட்கள் காரணமாக, பூனை தும்மத் தும்ம அது முன்னேறுமே தவிரப் பின்னால் வராது. அதனால்தான் அருகம்புல், கோதுமைப்புல் போன்ற மெல்லிய புல் பரவாயில்லை, கோரையும் நாணலும் இருக்கிற பக்கம் விடாதீர்கள் என்கிறேன். நீங்களாக வாய்க்குள் விரலை விட்டு எடுக்க முயல வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் வர முடிந்தால் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம்.

மொட்டை மாடியில் நிறையச் செடி வைத்திருக்கிறேன். பூனை எல்லாவற்றையும் கடிக்கிறது. எதை எடுத்துவிட வேண்டும்?
*வாசகி, லாஸ்பேட்டை*

முதலில் லில்லி. பூங்கொத்தில் வருகிற பெரிய லில்லிப் பூவும் சேர்த்துத்தான். இலையோ இதழோ கொஞ்சம் கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஏன், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலுமே மூன்று நாளுக்குள் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். கடித்ததைப் பார்த்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கொடிய விஷம். அரளியும் சைகஸும் வேண்டவே வேண்டாம். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி (பெயரில்தான் லில்லி, இனம் வேறு) இவற்றைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். உயிர் போவது அபூர்வம், ஆனால் எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். இவற்றுக்கு நடுவில் ஒரு தொட்டி அருகம்புல் வையுங்கள். பூனையின் நாட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விடும்.

வீட்டில் பூ கட்டுகிறோம். பூனையின் பின்பக்கம் ஏதோ தொங்குகிறது. புல்லா நூலா தெரியவில்லை. இழுத்து எடுக்கலாமா?
*வாசகி, வில்லியனூர்*

இழுக்காதீர்கள் அம்மா. புல்லாக இருந்தால் அடுத்த தடவை மலம் கழிக்கும்போது தானே விழுந்துவிடும், அதனால் கெடுதல் இல்லை. பூ கட்டும் நூலாக இருந்தால் கதையே வேறு. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உட்புறம் பார்த்திருப்பதால் வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். குடல் சுருக்கம் சுருக்கமாகக் கூடி, நூல் அதை அறுத்துவிடும். நீங்கள் வெளியே இழுத்தால் அந்த அறுப்பு இன்னும் மோசமாகும். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் அவசரம், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. பூ கட்டி முடித்ததும் நூல்கண்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

எங்களுக்கு நெல் வயல். பூனை வரப்புப் புல்லைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?
*வாசகர், பாகூர்*

கூடவே கூடாது. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரைகூடக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு முட்டும். மனிதர் மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். வரப்பில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்திருந்தால் பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கினால் அடித்த மருந்தின் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் முறிவு கொடுக்க முடியும்.

தாத்தா குப்பைமேனியை வேரோடு பிடுங்கினால் எங்கள் பூனை ஓடிவந்து அதன் மேல் புரள்கிறது. ஏன்?
*ஏழாம் வகுப்பு மாணவன், நெல்லிக்குப்பம்*

நன்றாகக் கவனித்திருக்கிறாய் கண்ணு. குப்பைமேனி வேரைப் பிடுங்கியதும் வருகிற வாசனை பூனைகளை மயக்கும். பூனைவணங்கி என்று அந்தச் செடிக்கு நம் ஊரில் இன்னொரு பெயரே உண்டு. அது பசியும் இல்லை, நோயும் இல்லை. முகத்தைத் தேய்க்கும், புரளும், கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் எழுந்து போய்விடும். புரளட்டும், ஆனால் வேரைத் தின்ன விடாதே. விளையாடி முடித்ததும் செடியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்.