நாலுகெட்டைத் தின்பது எது?

கேள்வி: குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் இருந்த பெரிய நாலுகெட்டுகள் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு உள்ள பழைய வீடுகள்) ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பங்குத் தகராறுதான் காரணமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: தகராறு தொடங்கிவைக்கும், வீட்டை இறக்குவது மழைத்தண்ணீர். திருவிதாங்கூரில் 1925-ல் வந்த நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தை, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பச் சொத்தை, ஆள்வீதம் பங்குவைக்க வழி செய்தது. வயலையும் தோப்பையும் பிரிக்கலாம், நடுமுற்றத்தை எப்படிப் பிரிப்பது? பல இடங்களில் வீட்டைப் பொதுவில் விட்டார்கள். பொதுவில் கிடக்கும் வீட்டுக்கு ஓடு மாற்ற யாரும் காசு எடுப்பதில்லை.

நாலுகெட்டின் பலவீனம் முற்றத்தைச் சுற்றியுள்ள நான்கு உள்மூலைகள். இரண்டு கூரைத் தண்ணீரும் அங்குள்ள பள்ளம் வழியாகத்தான் இறங்கும். சருகு அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கடியில் ஏறி, மூலைக் கழுக்கோலையும் (கூரையின் சாய்வு மரம்) அதைத் தாங்கும் உத்தரத்தின் பொருத்தையும் இற்றுப்போக வைக்கும். மூலை ஒன்று இறங்கினால் இரண்டு பக்கக் கூரையும் கூடவே வரும். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை; நனைந்த மரம் காய நேரமில்லை. எடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை ஏணி வைத்து அந்தப் பள்ளத்தைத் தூத்துவிட்டாலே பாதி ஆபத்து தீரும். வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று கதவு நிலையின் அடியைத் தின்னும், பின்னாலேயே சிதல் (கரையான்) வரும்.

1795-ல் திருவிதாங்கூர்த் தலைநகரம் திருவனந்தபுரம் போனபிறகும் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறதே என்பீர்கள். அதற்குப் பங்காளிகள் இல்லை. 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தும், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது.

கேள்வி: பழைய வீட்டைப் பிரித்து வேறு மனையில் கட்ட முடியுமா? (வாசகி, தக்கலை)

பதில்: முடியும். சென்னை அருகே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அப்படிப் பெயர்த்துவந்த கேரள வீடுகள் உண்டு. பழைய பணியில் பொருத்தும் மர ஆணியும்தான், இரும்பு அபூர்வம். பிரிக்குமுன் ஒவ்வொரு மரத்திலும் கி1, கி2, தெ1 என்று (கிழக்கு, தெற்கு எனப் பக்கமும் எண்ணும்) உளியால் வெட்டிவையுங்கள். சாக்பீஸ் ஒரு மழைக்குத் தாங்காது. ஓட்டையும் அதைத் தாங்கும் பட்டியல் சட்டங்களையும் எடுத்தபின், கழுக்கோல்களின் துளைகள் வழியே அவற்றைக் கோத்துக் கிடக்கும் வளை என்ற மரத்தை உருவ வேண்டும். அதை விட்டுவிட்டுக் கழுக்கோலை நெம்பினால் துளையோடு பிளக்கும். மர ஆணிக்கு ஒரு முனை மெலிந்திருக்கும், அந்த முனையில்தான் அடிக்க வேண்டும். மர வியாபாரியிடம் பிரிக்கும் வேலையை விடாதீர்கள். அவர் கனஅடிக் கணக்குக்காரர், பொருத்தை வாளால் அறுத்துத் தள்ளிவிடுவார்.

கேள்வி: வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பழைய ஆதாரத்தில் (சொத்துப் பத்திரத்தில்) கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய 825 கூட்டுங்கள், சிங்கம் (ஆவணி) மாதம் முதல் டிசம்பர் கடைசிவரை என்றால் 824. ஓட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியதே 1865-ல்தான். ஓலைக்கூரையாக இருந்த வீட்டுக்குப் பிறகு ஓடு போட்டிருக்கலாம்.