எலிக்குக் கட்டி வந்தால் நமக்கும் வருமா?

பிவிசி குழாயை வளையவைக்கும் டிஇஎச்பி என்ற வேதிப்பொருள் எலிகளில்தானே புற்றுநோய் தந்தது, மனிதர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 103 வாரம் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள்; எலிகளுக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 12 கிராம் வரை. பிறகு ஈரலை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டிலும் கட்டிகள் கூடியிருந்தன. அவ்வளவு ஏன் கொடுத்தார்கள்? லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து, குழுவுக்கு 50 எலிகளை வைத்துப் பார்த்தால் தென்படாது.

கட்டி உருவாகும் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று 2000-இல் ஐஏஆர்சி (சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை) டிஇஎச்பியின் புற்றுநோய்த் தரவரிசையைத் தாழ்த்தியது. ஆனால் அந்த வழியைத் தூண்டிவிடும் உயிரணுப் புரதமான ஏற்பியே இல்லாத சுண்டெலிகளுக்கும் கட்டி வந்தது! 2011-இல் மீண்டும் 2பி, அதாவது 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவு. மருத்துவக் குழாய்களிலும் இது இருக்கலாம் என்பதால், குறைமாதக் குழந்தைக்கு டிஇஎச்பி இல்லாத குழாய் கிடைக்குமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.