ப்ளாக்பெர்ரி, பெர்ரி வகையிலேயே சேராதா? கேள்வி பதில்

கேள்வி: முள் புதர் ஒன்றில் கறுப்புப் பழங்கள் காய்த்திருக்கின்றன. ப்ளாக்பெர்ரியா, கறுப்பு ராஸ்பெர்ரியா?

பதில்: ஒன்றைப் பறித்துக் காம்பு இருந்த இடத்தைப் பாருங்கள். நடுவில் வெளிறிய தண்டு பழத்தோடு வந்திருந்தால் ப்ளாக்பெர்ரி. அது செடியிலேயே நின்றுவிட்டு, பழம் மட்டும் குல்லாய் போல உள்ளே குழிவாகக் கழன்று வந்தால் ராஸ்பெர்ரி. அந்தத் தண்டுதான் பூத்தளம், அதாவது பூவின் பாகங்களைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதி. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ப்ளாக்பெர்ரியும் பழுக்குமுன் சிவப்பாகத்தான் இருக்கும். பழம் இல்லாத நாளில் கொடியைப் பாருங்கள். கறுப்பு ராஸ்பெர்ரியின் தண்டில் விரலால் தேய்த்தால் போகும் வெண்பூச்சு இருக்கும், இலையின் அடிப்புறமும் வெளுத்திருக்கும்.

கேள்வி: எங்கள் செடியில் முள்ளே இல்லை. அப்படியானால் ப்ளாக்பெர்ரி இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. முள்ளில்லாத வளர்ப்பு ரகங்கள் நிறைய உண்டு. ஆனால் நீங்கள் செடி என்பது கிளை பரப்பிய மரமாக இருந்தால் அது முசுக்கொட்டையாக இருக்கலாம்.

கேள்வி: ப்ளாக்பெர்ரி பெர்ரி இல்லை, தக்காளிதான் பெர்ரி என்கிறார்களே?

பதில்: தாவரவியலில் அதுதான் சரி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழத்தின் பெயரை மறந்துவிட்டுப் பூவைப் பாருங்கள். ஒரு பூவின் ஒரே சூலகப்பை, அதாவது விதைகள் உருவாகும் பை, முழுவதும் சதைப்பற்றாக மாறி, விதைகளைச் சுற்றிக் கெட்டியான ஓடு உருவாகாவிட்டால் அது பெர்ரி. தக்காளி, திராட்சை, கத்தரி, மிளகாய், வாழைப்பழம் எல்லாம் இதில் அடங்கும். ப்ளூபெர்ரியும் அடங்கும்.

ப்ளாக்பெர்ரியின் பூவிலோ சூலகங்கள் பல, தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மணியாகிறது. மணிக்குள் கடினமான ஓடு, அதற்குள் விதை. மாங்காய்க்குள் கொட்டை இருப்பதுபோலவே இதுவும், அளவுதான் சிறிது. ஆக நீங்கள் வாயில் போடுவது ஒரே பூத்தளத்தில் ஒட்டி நிற்கும் பல குட்டிக் கொட்டைக்கனிகள். இதைத் திரள்கனி என்பார்கள். முசுக்கொட்டை பார்க்க இதே மாதிரி இருந்தாலும், அங்கே ஒவ்வொரு மணியும் தனிப் பூவிலிருந்து வந்தது, அது கூட்டுக்கனி. ஸ்ட்ராபெர்ரியில் நாம் உண்ணும் சதை உப்பிய பூத்தளம். மேலே ஒட்டியிருக்கும் விதை போன்றவைதான் உண்மையான கனிகள்!

பேச்சு வழக்கில் ப்ளாக்பெர்ரியைப் பெர்ரி என்பதில் தவறில்லை. தாவரவியல் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வைத்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: பெர்ரி என்றால் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. கொடிய நஞ்சுள்ள பெல்லடோனாவின் பளபளப்பான கறுப்புக் கனி, தாவரவியல்படி அசல் பெர்ரி. அது மணிகள் சேராத ஒற்றை உருண்டை. அடியில் ஐந்து புல்லிகள் (பூவின் வெளிப்புறப் பச்சை இதழ்கள்) நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். ஐயமிருந்தால் வாயில் வைக்காதீர்கள், குழந்தைகளிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பறித்துக் குளிர்பெட்டியில் வைத்த கறுப்புப் பழத்தில் சில மணிகள் சிவந்துவிட்டன. காயாகப் பறித்துவிட்டேனா?

பதில்: இல்லை. வெயிலில் சூடேறிய பழத்தைப் பறித்து, கையாளும்போது மணிகள் நசுங்கினால் இப்படித் திரும்பச் சிவக்கும். சாப்பிடலாம். அடுத்த முறை காலைக் குளிர்ச்சியில், அழுத்தாமல் பறியுங்கள். பறித்தபின் இது பழுக்காது என்பதால், கறுப்பு நிறம் பளபளப்புக் குறைந்து மங்கும்வரை செடியிலேயே விட்டுவையுங்கள்.