‘தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்’: கடல் விவரங்களைத் தாண்டிப் படிக்கலாமா?
எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் வெளியிட்ட இந்நாவலில் நூறு பக்கங்கள் கடந்தும் ஒற்றர் கதை சூடுபிடிக்கவில்லை என்றும், படகும் ஓதமும் (கடல்நீரின் ஏற்றவற்றம்) பற்றிய பகுதிகளை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம் என்பேன். ஜெர்மனியின் ஃப்ரீசியத் தீவுகளுக்கும் கரைக்கும் இடையே, ஓதம் ஏறினால் கடலாகவும் வடிந்தால் மணல்வெளியாகவும் மாறும் ஆழமற்ற பரப்பில்தான் இக்கதையின் மர்மமே ஒளிந்திருக்கிறது. சில்டர்ஸ் 1897இல் ‘விக்சன்’ என்னும் தம் படகில் அப்பகுதியில் பயணம் செய்தவர் என்பதால், அவ்விவரங்கள் வெறும் அலங்காரம் அல்ல.

பால்டிக் கடலில் நிகழும் தொடக்கப் பகுதி மெதுவானதுதான் (அதற்கு முன் வரும், கதைசொல்லியான கேரதர்ஸின் லண்டன் சலிப்பை இன்னும் சுருக்கியிருக்கலாம்). நூலிலுள்ள வரைபடங்கள் உங்கள் பதிப்பில் இல்லையெனில், நோர்டர்னி, மெம்மெர்ட் தீவுகளைக் காட்டும் படமொன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மூடுபனியில் கேரதர்ஸ் துடுப்பு வலிக்க, அவருடைய நண்பரும் படகின் உரிமையாளருமான டேவீஸ் திசைகாட்டியையும் நீரின் ஆழத்தையும் நம்பி மெம்மெர்ட்டுக்கு வழி கண்டுபிடிக்கும் அத்தியாயத்தை, முந்தைய பக்கங்களைப் படித்தவரே முழுமையாக அனுபவிக்க முடியும். பாய்கள், கயிறுகள் ஆகியவற்றின் பெயர்கள் புரியாவிட்டால் மட்டும் தயங்காமல் கடந்துசெல்லுங்கள்.