சமூகவியல் என்பது எல்லாருக்கும் தெரிந்ததைப் பெரிய பெயர் வைத்துச் சொல்வதுதானே? படித்து என்ன பயன்?

இதே கேள்வியை என் பெரியப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார், அதனால்தான் பதில் எழுதுகிறேன். நீங்கள் மலேசியாவில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுத் தேர்வு) முடித்து, விண்ணப்பத்தில் கடைசியாகப் போட்ட படிப்பு கிடைத்து, வீட்டில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

'தெரிந்ததுதானே' என்பவர்களுக்கு 1949-லேயே பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் பதில் சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி நடந்த பெரிய ஆய்வுக்கு அவர் மதிப்புரை எழுதினார். அதில் சில முடிவுகளை வரிசையாகத் தந்தார். நகரத்துப் பையன்களைவிடக் கிராமத்துப் பையன்கள் பட்டாளத்தில் உற்சாகமாக இருந்தார்கள் என்பது அவற்றில் ஒன்று. "கிராமத்துக்காரர்கள் கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள், இதற்கு ஆய்வு வேறா" என்று படிப்பவர் நினைக்கும்போதே, இதெல்லாம் ஆய்வில் கிடைத்ததற்கு நேர் எதிர் என்று போட்டு உடைத்தார். நிஜ முடிவை முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தலையாட்டியிருப்போம்.

நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஒரு சமயம் இரவு ஷிப்ட் ஓப்பரேட்டர் பெண்கள் வரிசையாக வேலையை விட்டு நின்றார்கள். மேனேஜர்களின் விளக்கம் தயாராக இருந்தது: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை." போகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் 'குடும்பக் காரணம்' என்ற கட்டத்தில்தான் டிக் இருந்தது. சம்பள பாக்கி கையில் வரும்வரை யார் உண்மையை எழுதுவார்கள்? கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும், முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்.

எனக்கு வில்லியம் ஃபூட் வைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நினைவுக்கு வந்தார். பாஸ்டன் நகரத்து இத்தாலியப் பேட்டையில் வருடக்கணக்காகத் தங்கி, 1943-இல் புத்தகம் வெளியிட்டவர். அவரை அங்கே உள்ளே சேர்த்துவிட்டவர் 'டாக்' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய ஓர் உள்ளூர்க்காரர். யார், ஏன், எங்கே என்று துருவாதே, சும்மா கூட இரு, பதில் தானாக வரும் என்பது டாக் தந்த புத்திமதி. என் டாக், கேன்டீன் அக்கா. அவர் மேசையில் தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் டீ) உட்கார ஆரம்பித்தேன். என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை, அதுவும் ஆய்வு ஒழுக்கம்.

விஷயம் பஸ். நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து, அதாவது அக்கரையிலிருந்து, பாலம் தாண்டி வருகிற கம்பெனி பஸ் முன்பெல்லாம் தாமானுக்குள்ளேயே (குடியிருப்புப் பகுதி) போய் இறக்கிவிடும். செலவைக் குறைக்க, மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். இருட்டில் தனியாக நடக்க வேண்டும். வீட்டில் அப்பாவோ புருஷனோ "வேலையே வேண்டாம்" என்றார்கள். அப்படிப் பார்த்தால் 'குடும்பக் காரணம்' பொய்யுமில்லை!

புள்ளிவிவரக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேன்டீன் பேச்சை வைத்து மட்டும் முடிவு கட்டவில்லை. வேலையை விட்டவர்களின் முகவரிகளை எடுத்துப் பஸ் தடத்தோடு ஒப்பிட்டேன். தடம் மாறிய பகுதிகளில்தான் கூட்டமாக வேலையை விட்டிருந்தார்கள். எதை எண்ண வேண்டும் என்று பேச்சு காட்டியது, பேச்சு சரியா என்று எண்ணிக்கை காட்டியது.

சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959-இல் சொன்னதும் இதுதான்: ஆளைக் குறை சொல்வதற்கு முன் சூழலைப் பார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அவனைப் பார்க்கலாம், ஐந்து கோடி தொழிலாளர்களில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு இல்லையென்றால் நாட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்றார். நம் நாட்டுச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977-இல் ஒரு புத்தகத்தில் இதையே இன்னும் காரமாகச் செய்தார். மலாய்க்காரர் சோம்பேறி என்ற பேச்சு, தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலிக்கு வராதவர்கள் மேல் காலனிக்காரர்கள் ஒட்டிய முத்திரை என்று காட்டினார். இன்றைக்கு நம்மவர்களே நம் பையன்களைப் பற்றி "உருப்படாதவன்கள்" என்று பேசும்போது எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

சரி, பஸ் பழையபடி தாமானுக்குள் போகிறது. ஆனால் வருடக் கடைசி விருந்தில் 'சிறந்த யோசனை' பரிசும் பெரிய ஹேம்பரும் (பரிசுக் கூடை) யாருக்குப் போனது தெரியுமா? "பொறுப்பில்லை" என்று சொன்ன அதே மேனேஜருக்கு. என் அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தார். வயிற்றெரிச்சல் என்பீர்கள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான்.

சேருவதாக இருந்தால், ஆய்வு முறைகள் பாடத்தில் களப்பணி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகம் பாருங்கள். புள்ளியியலையும் கூடவே எடுங்கள், வேலை தேடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.