நீரிழிவு உள்ளவர்களுக்கு மனநல ஆலோசகர்கள் எந்த வகையில் உதவ முடியும்?

சர்க்கரைக்கு மருத்துவரும் மாத்திரையும் உணவுப் பட்டியலும் இருக்கும்போது மனநல ஆலோசகருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நீரிழிவு மருத்துவமனையில் ஆலோசகராகப் பணிபுரிபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நோய் வந்ததும், அது கட்டுக்குள் வராததும் தன் குற்றமே என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் எங்களிடம் வருகிறார்கள். அந்தக் குற்றவுணர்வை இறக்கி வைப்பதே எங்கள் முதல் வேலை. அது நடக்காதவரை எந்த அறிவுரையும் உள்ளே இறங்குவதில்லை.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கையைப் பலர் தேர்வு முடிவு வாங்குவதைப் போல நடுக்கத்தோடு வாங்குகிறார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மாவின் நோட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, 112, 110 என்று அழகாக எழுதப்பட்டிருந்தது. குளுக்கோமீட்டரின் நினைவகத்திலோ 230, 245 என்ற அளவுகளும் இருந்தன. காரணம் கேட்டபோது, "இருநூறுக்கு மேல வந்தா எழுத மனசு வரல மேடம், வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துட்டு நேத்து என்னத்தைத் தின்னேன்னு கேப்பார்" என்றார். தூக்கம் கெட்டாலும், கிருமித்தொற்று வந்தாலும், மனக்கவலை மிகுந்தாலும் சர்க்கரை ஏறும் என்பதைக் கணவரை அழைத்து விளக்கினோம். நோட்டைச் சோதிப்பதை விட்டுவிட்டு மாலை நடைக்கு அவரையும் உடன் போகச் சொன்னோம். அடுத்த முறை வந்த நோட்டில் உயர்ந்த அளவுகளும் இருந்தன. மருத்துவரால் மருந்தின் அளவைச் சரியாக மாற்ற முடிந்தது அதன் பிறகுதான்.

ஆலோசகர் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. நாள்தோறும் ஊசி, மாத்திரை, அளவுச்சாப்பாடு என்று ஓயாமல் பார்த்துக்கொள்வதால் வரும் சலிப்பும் உளைச்சலும் ஒன்று. மனச்சோர்வு நோய் இன்னொன்று. நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது. அசதி, தூக்கக் குறைவு, பசி மாற்றம் ஆகியவை சர்க்கரை ஏறியிருந்தாலும் வரும், மனம் சோர்ந்திருந்தாலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பேரக்குழந்தையோடு விளையாடுவது, கோயிலுக்குப் போவது என நோயோடு தொடர்பில்லாத மகிழ்ச்சிகளும் விட்டுப்போயினவா என்று கேட்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. முதலாவதற்கு ஆலோசனையும் சிகிச்சைமுறையில் சிறு மாற்றங்களுமே பெரும்பாலும் போதும். இரண்டாவதற்கு முறையான மனநல சிகிச்சை தேவை.

இன்சுலினை மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. "அப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் காலை எடுத்துட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்து, காலின் நரம்பும் இரத்த ஓட்டமும் கெட்ட பிறகு தாமதமாக வந்தது ஊசி என்ற வரிசையை அவரோடு பொறுமையாகப் பின்னோக்கிப் பார்த்தால், பயம் தளரத் தொடங்குகிறது.

சர்க்கரை தாழ்ந்துபோவதைப் பற்றிய அச்சமும் இப்படித்தான். ஒருமுறை நள்ளிரவில் வியர்த்து நடுங்கி எழுந்தவர், பிறகு ஒவ்வொரு இரவும் வேண்டுமென்றே கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். பதற்றத் தாக்கத்திலும் இதே படபடப்பும் வியர்வையும்தான் வரும் என்பதால், உடனே அளந்து பார்க்கப் பழக்க வேண்டும்; 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பதற்றத்துக்குத் தரப்படும் புரோப்ரனலால் இந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடக்கூடும்; ஓலான்சபின் போன்ற மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவரே என்றாலும், ஆலோசகரும் இவற்றை அறிந்திருந்தால்தான் உரிய நேரத்தில் கேள்வி எழுப்ப முடியும்.

இன்சுலின் ஊசியின்றி வாழவே முடியாத டைப் 1 நீரிழிவு உள்ள இளம்பெண்களின் நிலை தனி. பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று பெற்றோர் முடிவு செய்துவிட, திருமணத்துக்குப் பின் குளியலறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் நிலை வருகிறது. எடை குறைவதற்காக இன்சுலினைத் தவிர்ப்பவர்களும் உண்டு. இரண்டிலும் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், பெற்றோரிடம் பேசும் கடமையிலிருந்து ஆலோசகர் நழுவக்கூடாது.

இவையெல்லாம் பலன் தருமா என்ற ஐயத்துக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் சிகிச்சை மையங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அவர்களில் ஒரு குழுவினரோடு பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் தொடர்ந்து பேசினர். மருத்துவ வல்லுநர்கள் அந்த ஒருங்கிணைப்பாளர்களோடு சேர்ந்து ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஆராய்ந்தனர். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையே தொடர்ந்தது. 24 மாத முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் முன்னேறியவர்கள் இக்குழுவில் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4 விழுக்காடு. எனவே ஆலோசகர் சர்க்கரை மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனநலப் பிரிவுக்கு எழுதித் தரும் சீட்டு, 'பைத்தியம் என்பார்களோ' என்ற பயத்தால் பல வேளைகளில் சட்டைப்பையிலேயே தங்கிவிடுகிறது.

அருகில் ஆலோசகர் இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நேரில் போகிறவர்கள் சர்க்கரைக்கான மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், ஆலோசகர் கேட்பதற்கு முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள்.